கோரைக்குப் பின்னால் இருந்த பைப்

பெங்களூரு
12 மே 2025

அன்புள்ள லவினாவுக்கு,

கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். படகு கரைக்கு வரும்போதுதான் அந்தச் சிலிகாத் தீவில் இருக்கும் உனக்கு டவர் கிடைக்கும் என்று உன் அக்கா ஜூலியா சொன்னாள். குரல் பதிவு அனுப்பினால் அவளைப் போலவே நீயும் பாதியில் நிறுத்திவிடுவாய். எழுத்தை நிறுத்த முடியாது.

நல்ல செய்தி. நேற்று ஹொங்கெகெரே ஏரியைச் சுத்தம் செய்துவிட்டோம். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்று பஸ் நிறையப் பிள்ளைகளை டி-ஷர்ட் மாட்டி அனுப்பியது. ஜேசிபி நம் அத்திபெலே கல் கடையிலிருந்து வந்தது. நீ வடிவமைத்த பார்க்கில் எல்லாம் அழகுதான். நடைபாதை அழகு, பிள்ளைகள் விளையாடும் இடம் அழகு, படித்துறை அழகு. எங்கள் அபார்ட்மெண்ட் பக்கத்து முனைதான் அவமானம். ஆள் உயரத்துக்குக் கோரையும் சம்பும் மண்டிக் காடாகக் கிடந்தது. நீ ஒடிசா போனபின் கவனிக்க ஆளில்லை என்று அசோசியேஷனில் பேச்சு. தலைவர் என்று என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். என் மச்சினி போட்ட பார்க்கை என் காதுபடவே குறை சொன்னால் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் வேரோடு வழித்துவிட்டோம். கல்வாழை நீ வைத்தது என்று தெரியும், பூவும் இருந்தது, அதைத் தொடவில்லை.

ஏரிக்கரையில் மாடு வைத்திருக்கும் சந்திரம்மா மட்டும் ஜேசிபி முன்னால் வந்து நின்றாள். “ஏனு சார் இது? மேடத்தக் கேட்டியா?” என்றாள். மேடம் என் மச்சினிதாம்மா என்றேன். “மச்சினின்னா? வாரத்துக்கு ஒரு துண்டு, அதுவும் ஏரிப் பக்கம் மட்டுந்தான் அறுக்கணும்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காங்க. நானே பூரா எடுக்க மாட்டேன், நீ எடுக்கற.” இலவசத் தீவனம் போகிறதே என்ற கவலை அவளுக்கு. அவள் ஆதாயம் எனக்குப் புரியாதா? வெட்டியதில் ஒரு லோடு அவள் கொட்டகைக்கே அனுப்பிச் சமாதானம் செய்தேன்.

புல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பைப் வாய் இருக்கிறது. மழைநீர் பைப் என்று செக்ரட்டரி சீனிவாசராகவன் சொன்னார். அதையும் கல் வைத்து மறைத்து அழகாக்கிவிடுகிறேன். அந்த முனை முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, பெஞ்ச் போட்டு, ஜூன் ஐந்தாம் தேதி சுற்றுச்சூழல் தினத்தன்று திறப்புவிழா. உன் பெயர் பெரிய எழுத்தில் வரும். நீ முன்கூட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஜூலியா சொன்னாள். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. போட்டோ பார்.

அலெக்சாண்டர்

சிலிகா
15 மே

மாமா,

உங்கள் போட்டோவைப் படகில் பார்த்தேன். கரை வந்தபின்னும் எழுந்திருக்க முடியவில்லை. படகுக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நீங்கள் வழித்தது களை அல்ல. நான் நட்டது. ஒவ்வொரு குத்தும் ஆனேக்கல் பக்கத்து ஏரிகளிலிருந்து கொண்டுவந்து, சந்திரம்மாவும் அவள் தெருப் பெண்களும் சேற்றில் இறங்கி வைத்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அது நடந்தது. நீங்கள் அப்போது கல் எடுக்க ராஜஸ்தான் போய்க்கொண்டிருந்தீர்கள். அந்தப் பார்க்கில் நடைபாதையும் படித்துறையும் ஓரத்து வேலை. ஏரி ஏரியாக இருப்பதற்குக் காரணமே அந்த முனைதான். அதை மட்டும் பார்த்து எடுத்திருக்கிறீர்கள்.

கல் பதிக்காதீர்கள். இன்றே நிறுத்துங்கள். மண்ணுக்குள் கொஞ்சம் கிழங்கு மிஞ்சியிருக்கலாம். அந்தப் பைப்பை மூடாதீர்கள். அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம்.

போன் செய்யாதீர்கள். இப்போது பேசினால் பிறகு அக்கா முகத்தில் விழிக்க முடியாதபடி ஏதாவது சொல்லிவிடுவேன்.

லவினா

பெங்களூரு
20 மே

லவினா,

உன் கடிதம் வருவதற்குள் கல் பதித்து முடித்துவிட்டார்கள். என் ஆட்கள் வேலையில் வேகம், அதற்கு நான் என்ன செய்ய? பைப்பை மட்டும் இன்னும் மூடவில்லை.

கோபப்படு, எனக்கும் இருக்கிறது. செடி விற்கிறவன்கூட ஒரு டேக் கட்டி விற்கிறான். இத்தனை பாடுபட்டு நட்டவள், ‘இது களை அல்ல, தொடாதே’ என்று ஒரு பலகை வைத்தாயா? பெஞ்சுக்குப் பலகை வைத்தாய். நாவல் மரத்துக்கு மூன்று மொழியில் பலகை வைத்தாய். இந்தக் கோரைக்கு மட்டும் இல்லை. ஏன்?

அதைவிட்டுத் தள்ளு. நடந்ததைக் கேள். முந்தாநாள் இரவு மழை கொட்டியது. காலையில் நடக்கப் போனவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே மீன். ஜிலேபி, கெண்டை, பெயர் தெரியாத பொடி மீன், எல்லாம் வயிறு மேலே காட்டி மிதக்கிறது. ஏரியின் நாலு கரைக்கும் வெள்ளை பார்டர் கட்டினதுபோல. நாற்றம் லிஃப்டுக்குள்ளே வருகிறது. நான் சரக்கில் எவ்வளவோ டேமேஜ் பார்த்தவன். இப்படிப் பார்த்ததில்லை.

சந்திரம்மா ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு அசோசியேஷன் ஆபீசுக்கே வந்தாள். சீனிவாசராகவன் டேபிள்மேல் கவிழ்த்தாள். “பெஞ்சுல உக்காந்து இதப் பாருங்க” என்றாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, மழையில் தண்ணீர் கலங்கினால் மீன் சாகும், இயற்கை என்றார். “மூணு மழைக்காலமா கலங்கலயா சாமி?” என்றாள். அவர் என்னைப் பார்த்தார்.

பைப்பைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு விளக்கமும் இல்லை. போகாதே, மூடாதே, அவ்வளவுதான். எதைக் கேட்டாலும் மண்ணிலிருந்து ஆரம்பித்துப் பாடம் எடுக்கிறவள் நீ. வாடிக்கையாளர் ஒரு கல்லை மட்டும் தொடாமல் நகர்ந்தால் அதில்தான் விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பைப் என்ன?

அலெக்சாண்டர்

சிலிகா
24 மே

மாமா,

மீன் செத்தது என்று வாசித்தபின் இரண்டு நாள் எழுத வரவில்லை. நான் பயந்தது அதுதான். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை.

சந்திரம்மாவிடம் சொல்லுங்கள், மாடுகளை ஏரியில் தண்ணீர் காட்ட வேண்டாம். செத்த மீனை யாரும் விற்க விடாதீர்கள். முடிந்தால் கல்லைப் பெயர்த்து எடுங்கள்.

பைப்பைப் பற்றி நேரில் வந்து சொல்கிறேன். கடிதத்தில் சொல்கிற விஷயம் இல்லை.

லவினா

பெங்களூரு
1 ஜூன்

லவினா,

நீ வந்து சொல்லும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே கண்டுபிடித்துவிட்டேன்.

பத்தொன்பது வயதில் ஃப்ரேசர் டவுனில் வீடு வீடாக ரெட் ஆக்சைடு தரை போட்டவன் நான். சாயங்காலம் கை கழுவினால் தெருமுனை வரைக்கும் சாக்கடை சிவப்பாக ஓடும். எந்த வீட்டில் வேலை நடக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அது ஞாபகம் வந்தது. கடையிலிருந்து ஒரு மூட்டைப் பொடி கொண்டுவந்தேன். ஜூலியாவை வீட்டில் நிறுத்தி, நான் பைப் வாயில் போய் நின்றேன். பைப்புக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கி, உறிஞ்ச டேங்கர் ஒன்றும் வைத்துக்கொண்டேன். ஏரிக்குள் என் பொடியும் போக வேண்டாம் என்று.

போனில் உன் அக்கா, “ஊத்தட்டுமா? டாய்லெட் எல்லாம் கறையாயிடும்ங்க, வேலைக்காரி என்னத்தான் திட்டுவா” என்றாள். ஊத்து என்றேன். வாளி வாளியாக ஊற்றி ஃப்ளஷ் செய்தாள்.

சந்திரம்மா மாட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். “யாருக்கு சார் காத்திருக்கற?” “என் பாத்ரூமுக்கு” என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். வராது என்றுதான் நினைத்தேன், லவினா. சத்தியமாக. வேறு யாராவது, மேட்டில் இருக்கும் ஹோட்டல், பக்கத்து பிஜி ஹாஸ்டல், இப்படி யாரையாவது பிடிக்கலாம், முதலில் நம்மை லிஸ்டிலிருந்து அடித்துவிடலாம் என்றுதான் என் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் சாம்பல் நிறத்தில் வந்தது. பிறகு ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு பைப் முழுக்கச் சிவப்பு. சந்திரம்மா ரத்தம் என்று நினைத்து மாட்டை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஜூலியா போனில் “வந்துச்சா? வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.  காலையில் நான் பல் துலக்கித் துப்பியதும் இதில்தான் வந்திருக்கிறது. மீனைக் கொன்ற தண்ணீரில் என் வீட்டுத் தண்ணீரும் இருக்கிறது.

நேரே சீனிவாசராகவன் வீட்டுக்குப் போனேன். பொடி ஒட்டிய சிவப்புக் கையோடு. பேஸ்மெண்டில் இருக்கும் எஸ்டிபி, நம் கழிவைச் சுத்தம் செய்யத்தானே கட்டினோம், அது என்ன ஆச்சு என்றேன். மனிதர் ரிட்டயர்டு பாங்க் மேனேஜர், பதறவே இல்லை. “அதோட மோட்டார் கரண்ட ரொம்ப சாப்பிடும் சார். யாராவது செக்கிங் வந்தா போடுவோம். உங்களுக்கு முந்தின தலைவர் காலத்துலயே நிறுத்தினதுதான். எல்லாம் லவினா மேடத்துக்குத் தெரியும். அவங்கதான் புல்லு வச்சா சரியாயிடும்னாங்க.”

 

அவர் பொய் சொல்கிறார் என்று எழுது. ஒரு வரி போதும்.

அலெக்சாண்டர்

சிலிகா
4 ஜூன்

மாமா,

அவர் பொய் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்கப் போவதில்லை. ஏரியை அளந்த முதல் வாரமே அந்தப் பைப்பைப் பார்த்தேன். அவரிடம் கேட்டேன். “புகார் குடுங்க மேடம், தாராளமா. பார்க்குக்கு அசோசியேஷன் சம்மதம் மட்டும் எதிர்பார்க்காதீங்க” என்றார். புகார் கொடுத்திருந்தால் பைப் அப்படியே இருந்திருக்கும், பார்க்தான் இருந்திருக்காது. இந்த ஊரில் எத்தனை ஏரிக்கரையில் அதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தண்ணீரை நிறுத்த முடியாவிட்டால், வரும் தண்ணீரைக் கழுவி அனுப்புவோம் என்று முடிவெடுத்தேன். பைப் வாயிலிருந்து ஏரிவரை தண்ணீர் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து தேங்கிப் போக மண்ணை வெட்டினேன். கோரையும் சம்பும் அந்த அழுக்கைத் தின்று வளர்ந்தன. அந்த ஏரிக்கு நாரை வந்தது. சந்திரம்மா தெருவுக்குப் புல் கிடைத்தது, மீன் கிடைத்தது. உங்கள் பிளாக் குழந்தைகள் படித்துறையில் கால் நனைத்தார்கள். இதெல்லாம் நடந்தது, மாமா. சும்மா இருந்திருந்தால் நடந்திருக்காது.

பலகை ஏன் வைக்கவில்லை என்றீர்கள். என்ன எழுதுவது? ‘உங்கள் கக்கூஸ் தண்ணீரை இந்தப் புல் குடிக்கிறது’ என்றா? நாவல் மரத்துக்கு எழுதலாம். இதற்கு எழுதினால் பைப்பையும் எழுத வேண்டும்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே கூட்டத்தில் எழுந்து கத்தியிருப்பீர்கள். கத்தினால் வேலை நின்றிருக்கும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் உங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிடும்போது நீங்கள் சொன்னீர்கள்: “கீழ அந்த மோட்டார் சத்தம் நின்னதுல இருந்துதான்டி வீடு வீடா இருக்கு. மத்தியானம் தூங்க முடியுது.” எல்லாரும் ஆமாம் என்றார்கள். எதற்கு ஓடிய மோட்டார், ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லைத் தட்டிப் பார்த்தே விரிசல் சொல்கிற காது உங்களுடையது. நான் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன். அன்று முழுக்கத் தண்ணீர்க் குழாயைத் திறக்கவே எனக்குக் கூசியது.

லவினா

பெங்களூரு
8 ஜூன்

லவினா,

உன் கடிதத்தை ஜூலியாவும் வாசித்தாள். மோட்டார் பற்றிய இடம் வந்ததும் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, “நானும்தானே ஆமான்னேன்” என்றாள். 

நீ செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. ஓட்டைமேல் கம்பளம் விரித்தாய். உன் கம்பளம் நல்ல கம்பளம், உயிருள்ள கம்பளம், ஒத்துக்கொள்கிறேன். ஓட்டை தெரியாததால்தான் நான் கம்பளத்தைக் குப்பை என்று சுருட்டினேன். இதை இதோடு விடுகிறேன், ஏனென்றால் காது இருந்தும் கேட்காதவன் நான்.

திறப்புவிழாவை ரத்து செய்யவில்லை. ஜூன் ஐந்து, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நாற்காலி போட்டேன். பைப் வாய்க்கு எதிரே, என் புதுக் கல்மேல். எல்லாரும் பட்டுப்புடவை, ஜிப்பா. மூக்கைப் பொத்திக்கொண்டு, “இடத்தை மாத்தலாமே சார்” என்றார்கள். வீட்டுத் தண்ணீர்தானே, பழகிக்கொள்ளுங்கள் என்றேன். யாருக்கும் புரியவில்லை.

முன்னேற்பாடாக மறுபடி மணல் மூட்டை, டேங்கர். ஏ பிளாக்கில் ஜூலியா சிவப்பு ஊற்றினாள். பி பிளாக்கில் சீனிவாசராகவனின் சம்சாரமே மஞ்சள் ஊற்றினார். அன்று ஆபீசுக்கு வந்து டேபிள்மேல் கிடந்த செத்த மீனைப் பார்த்தவர் அந்த அம்மாள். நான் கேட்டதும் மறுபேச்சு இல்லை. மைக்கில் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “சிவப்பு வந்தா ஏ பிளாக். மஞ்சள் வந்தா பி பிளாக். ஒண்ணும் வரலேன்னா நான் தலைவர் பதவிய விட்டுடறேன், கேக் வெட்டலாம்.”

வந்தது. இரண்டும் கலந்து கேசரிபாத் நிறத்தில் வந்தது.  ஒரு சின்னப் பெண் அவள் அம்மாவிடம், “நம்மளோடது எதும்மா?” என்று கேட்டாள். அந்த அம்மா வாயைப் பொத்தினாள், பிள்ளையின் வாயை அல்ல, தன் வாயை.

சந்திரம்மா தூரத்தில் கரைமேல் நின்று, “ஹோளிப் பண்டிக முடிஞ்சிதா சாமி? இப்ப மோட்டாரப் போடுங்க” என்று கத்தினாள். சீனிவாசராகவன் எழுந்து, கரண்ட் என்று ஆரம்பித்தார். அவர் சம்சாரம் பி பிளாக் பால்கனியிலிருந்து மஞ்சள் கையை ஆட்டி, “உக்காருங்கோன்னா” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மெக்கானிக் வந்தான். இன்று காலை மோட்டார் ஓடுகிறது. என் படுக்கையறைக்கு நேர் கீழே, பழைய லாரி மாதிரி.

முனையில் கல்லைப் பெயர்க்கிறோம். முதல் வரிசையை நானே கடப்பாரை போட்டுத் தூக்கினேன். அடியில் பார்த்துப் பின்வாங்கிவிட்டேன், பாம்பு என்று நினைத்து. கோரை முளை. வெயில் படாமல் வெள்ளைவெளேர் என்று, மேலே வர வழியில்லாமல் படுத்த வாக்கில் கல்லுக்குக் கல் இடுக்கைத் தேடி நீண்டிருக்கிறது. இருபத்தைந்து வருஷமாகக் கல் பதிக்கிறேன். பதித்த கல்லைத் தூக்கி அடியில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வா. மோட்டார் கழுவி அனுப்பும் தண்ணீரையும் உன் புல் ஒருமுறை கழுவட்டும். எந்த மண்ணை எப்படி வளைத்து வெட்டுவது என்று எனக்குத் தெரியாது.

அலெக்சாண்டர்

சிலிகா
12 ஜூன்

மாமா,

‘ஓட்டைமேல் கம்பளம்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். கோபம் வந்தது. பிறகு வரவில்லை.

அந்த முளைகளை மூடாமல், மிதிக்காமல் வையுங்கள். வெயில் பட்டால் ஒரு வாரத்தில் பச்சையாகிவிடும். ஜூலை முதல் வாரம் வருகிறேன். சந்திரம்மாவிடம் பெண்களைத் தயார்செய்யச் சொல்லுங்கள். சேற்றில் இறங்க நீங்களும் அக்காவும் வேண்டும். சீனிவாசராகவன் சாரும் வேண்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரட்டும்.

என் பெயர் போட்ட கல்வெட்டை உடைத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு பலகை வைக்கிறேன். இந்தத் தடவை பைப்பையும் எழுதுவேன்.

லவினா

பெங்களூரு
18 ஆகஸ்ட்

அன்புள்ள லவினாவுக்கு,

நீ நட்டுவிட்டுப் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, கோரை முழங்கால் தாண்டிவிட்டது. உன் பலகையை எல்லாரும் வாசிக்கிறார்கள். பி பிளாக்கில் இரண்டு குடும்பம், வெளியாட்கள் வந்து பார்த்தால் மானம் போகிறது, எடுத்துவிடுங்கள் என்றது. எடுக்க வேண்டியது பலகை இல்லை என்று அனுப்பிவிட்டேன். மீன் இன்னும் வரவில்லை. நாரை ஒன்று வந்து நின்று பார்த்துவிட்டுப் போனதாகச் சந்திரம்மா சொல்கிறாள். நான் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதை எழுதுவது வேறு விஷயத்துக்காக. நேற்று ஞாயிறு. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் இப்போது எனக்குத் தூக்கமே வருகிறது, உன் அக்கா சிரிக்கிறாள். திடீரென்று நின்றது.

 செருப்புகூடப் போடாமல் கதவைத் திறந்தேன். படிக்கட்டில் ஜனம். எதிர் வீட்டுக்காரர் வாயில் சோற்றோடு நிற்கிறார். மேல் மாடியிலிருந்து அந்தச் சின்னப் பெண்ணும் அவள் அம்மாவும் இறங்கி வருகிறார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பேஸ்மெண்டுக்குப் போனால், எனக்கு முன்னால் சீனிவாசராகவன் பனியனோடு நிற்கிறார். ஃப்யூஸ்தான் போயிருந்தது. அவரே டார்ச் பிடித்தார், வாட்ச்மேன் மாற்றினான்.

மோட்டார் மறுபடி ஓடும்வரை ஒருவரும் மேலே போகவில்லை.

அலெக்சாண்டர்